புதுப்பிப்பு: மதுரையில் பால், நெய் தொடாதவர்களுக்கு

மதுரை சைவ ஓட்டல்கள் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, "வீகன் ஆளுக்கு என்ன கிடைக்கும்?" என்று பலர் கேட்டீர்கள். வீகன் என்றால் இறைச்சி மட்டுமில்லை, பால், நெய் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்.

முதலில் சொல்வது ஓட்டல் இல்லை, தள்ளுவண்டிப் பருத்திப்பால். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் காய்ச்சி, சுக்கு, ஏலக்காய் போட்டு, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். மாட்டுக்கும் இதற்கும் உறவு, அதுவும் பருத்திக்கொட்டை தின்னும் என்பதோடு சரி. ஜிகர்தண்டா மட்டும் வேண்டாம்; அதில் சுண்டக் காய்ச்சிய பால், ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு.

மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடையில் வெள்ளை அப்பமும் காரச் சட்னியும். ஆறிப்போனால் சுகமில்லை, சுடச்சுடச் சாப்பிடணும். முருகன் இட்லி கடையில் இட்லி, சட்னி, பொடி. பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டு வாங்குங்கள்.

வெண்பொங்கல், ரவா கேசரி பக்கம் போகாதீர்கள், நெய் மிதக்கும். மதியச் சாப்பாட்டில் பருப்புக்கு ஊற்றும் நெய், தயிர், மோர், பால் பாயசத்தை விட்டால் வத்தக்குழம்பு, ரசம், பொரியல் இருக்கே! அப்பளமும் கூட.

பரிமாறுபவரிடம் 'வீகன்' என்று சொல்லிக் குழப்பாமல், "அண்ணே, நெய், பால், தயிர், மோர் எதுவும் வேணாம்" என்று இலை போடும்போதே சொல்லிவிடுங்கள்.