ஒரே கேமராவில் உரையாடலை எடுத்தால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது ஏன்?

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்):
வலை பழுது பார்க்கும் என் பெரியப்பாவையும், அவரிடம் அத்தொழிலைக் கற்கும் என் தம்பியையும் வைத்து 8 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்து வருகிறேன். கையில் இருப்பது ஒரு கேமராவும் ஒரு முக்காலியும் மட்டுமே. பெரியப்பா பேசுவதை முதலில் எடுத்தேன். பின்னர் கேமராவை எதிர்ப்புறம் கொண்டு சென்று தம்பியை எடுத்தேன். இரண்டையும் இணைத்துப் பார்த்தால் இருவருமே வலப்புறம் பார்க்கிறார்கள். மூன்றாவது ஆளிடம் பேசுவது போலத் தோன்றுகிறது. பெரியப்பாவின் வலை ஊசியும் ஒரு ஷாட்டில் கையிலும் அடுத்த ஷாட்டில் தரையிலும் கிடக்கிறது. எங்கே தவறினேன்?

பதில் 1 (மஞ்சக்குப்பம்):
இருவரின் கண்களையும் இணைக்கும் ஒரு கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்து அரைவட்டத்திற்குள், அதாவது 180 பாகைக்குள், இருக்கும் வரை ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் பார்ப்பார்கள். நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். எடுத்ததை வீணாக்க வேண்டியதில்லை. இரண்டு ஷாட்டுகளுக்கும் நடுவே முகம் தெரியாத, வலையில் ஓடும் விரல்களின் க்ளோஸ்அப் ஒன்றைச் செருகினால் பார்ப்பவருக்குத் திசை மாறியது உறுத்தாது.

அடுத்த முறை இருவரையும் கரைக்கு இணையாக, தெற்கு வடக்காக எதிரெதிரே அமர்த்தி, கேமராவைக் கரைப்பக்கம் வையுங்கள். கோட்டைத் தாண்டாமலே இருவருக்கும் பின்னால் கடல் கிடைக்கும். ஆனால் நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலையில் அவ்வாறு எடுத்தால் முகம் இருண்டுவிடும்; மாலை வெயிலோ மேற்கிலிருந்து முகத்தில் நேராக விழும்.

பதில் 2 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
ஊசி இடம் மாறியதற்குக் காரணம், முழுக் காட்சியை முதலில் எடுக்காததே என்று கருதுகிறேன். இருவரும் தெரியும் அகன்ற ஷாட்டில் உரையாடல் முழுவதையும் ஒருமுறை பதிவுசெய்து, எந்தச் சொல்லின்போது ஊசி எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகே முகங்களை நெருக்கமாக எடுக்க வேண்டும். ஆனாலும் பெரியவரை மீண்டும் மீண்டும் நடிக்கச் சொல்லாதீர்கள். மூன்றாம் முறையிலேயே பேச்சின் உயிர் போய்விடும். வலை வேலை தானாகவே திரும்பத் திரும்ப நடப்பது. அவர் போக்கில் செய்யட்டும், நீங்கள் மட்டும் இடம் மாறுங்கள்.

பதில் 3 (கடலூர் முதுநகர்):
ஒலியை யாரும் குறிப்பிடவில்லை. துண்டு துண்டாக எடுத்த பேச்சை ஒட்டும்போது, ஒவ்வொரு வெட்டிலும் அலை ஓசை ஏறி இறங்கி, படத்தைவிட அதுவே முதலில் காட்டிக்கொடுக்கும். எல்லோரும் அமைதியாக இருக்க, அதே இடத்தில் ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவுசெய்து, எடிட்டிங்கில் பேச்சின் அடியில் தொடர்ச்சியாக ஓடவிடுங்கள். காலர் மைக்கிற்குக் காற்றைத் தடுக்கும் பஞ்சுறை கட்டாயம். வீட்டுக்குள் டியூப்லைட்டில் எடுப்பதானால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/50 நொடி என்று வைத்தால் மினுக்கம் வராது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பெரியப்பா மாலை நான்கு மணிக்கு மேல்தான் ஓய்வாக அமர்வார். ஆகவே வெயிலின் திசையும் பொருந்துகிறது. ஞாயிற்றுக்கிழமை முதலில் அகன்ற ஷாட்டையும் சூழல் ஒலியையும் எடுத்துவிட்டு, முகங்களுக்குப் போகிறேன்.