மறு: புதிய தாவலா, புதிய கீற்றா?

அனைவருக்கும் வணக்கம்.

மொழிபெயர்ப்புக் கோப்பை நாளை ஒப்படைக்க வேண்டும். மிச்சம் இரண்டு சரங்கள்தான், அதாவது மென்பொருள் காட்டும் இரண்டு சொற்றொடர்கள். ஒன்று, பக்கத்தைத் தொகுப்பவர் டிக் செய்யும் பெட்டிக்கு. மற்றது, இணைப்பின் அருகே திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குப் படிக்கும் மென்பொருள்) படித்துக்காட்டும் எச்சரிக்கை. இரண்டிலும் சிக்கல், உலாவியின் ‘tab’ என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல் என்பதே.

> தாவல் குரங்குக்குப் பொருந்தும். உலாவியின் தலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு எப்படி?

குவியலும் கிறுக்கலும் தொழிற்பெயர்கள்தானே ஐயா? குவிந்து கிடப்பதையும் கிறுக்கி வைத்ததையும் அப்படியேதான் சொல்கிறோம். செயலின் பெயர் பொருளுக்கு ஆகிவரும் தொழிலாகுபெயர் என்று விட்டுவிடலாம். குரோமில் தாவல், ஃபயர்பாக்ஸில் கீற்று என இரண்டும் புழங்குகின்றன. கீற்று அழகுதான், ஆனால் சொன்னதும் பிறையும் ஓலையும் அல்லவா முன்னால் வந்து நிற்கின்றன!

> மடல்? கோப்பின் ஓரத்தில் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுதானே மூலம்?

பொருத்தம் அருமை. ஆனால் மின்மடல் குழுவில் உட்கார்ந்துகொண்டு ‘புதிய மடலில் திற’ என்றால் எதைத் திறப்பது? (மடலேறுதல், அதாவது காதல் கைகூடப் பனைமடல் குதிரையில் ஊரறிய ஏறுவது, பெண்ணுக்கு உண்டா என்று கிளம்பியவர்கள் தயவுசெய்து தனி இழையில் தொடருங்கள். தொல்காப்பியர் கூடாதென்றார், திருமங்கையாழ்வார் பாடியே விட்டார், இன்று தீராது.)

‘டேப்’ என்றே எழுதலாம் என்பவர்களுக்கு: அளவுநாடாவும் டேப்தான், கைக்கணினியும் டேப்தான்.

எனக்கு இடிப்பது பெயர்ச்சொல் அல்ல, வினை. பெட்டிக்கு ‘புதிய தாவலில் திற’ என்ற ஏவல் சரி. எச்சரிக்கையிலும் அதையே போட்டால், பார்வையற்றவர் காதில் கட்டளையாக விழும். அவருக்குத் தெரிய வேண்டியது சொடுக்கினால் என்ன ஆகும் என்பது. தெரியாமல் சொடுக்கிவிட்டுப் பின்செல் பொத்தானை அழுத்துவார். புதிய தாவலில் பின்செல்ல ஒன்றும் இருக்காது. ஆகவே அங்கே ‘புதிய தாவலில் திறக்கும்’.

> ‘திறக்கப்படும்’ என்பதே இலக்கணம்.

‘கதவு திறந்தது’ தவறா? ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு: புதிய தாவல் வேண்டும் என்று முடிவெடுத்தது படிப்பவர் அல்ல, பக்கத்தை எழுதியவர். படிப்பவருக்கு வேண்டுமென்றால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தாமே சொடுக்கியிருப்பார். அதற்காக ஒவ்வொரு இணைப்பிலும் செயப்பாட்டு வினையைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

பெரும்பான்மை தாவல் பக்கம், அதுவும் களைத்துப்போய். இன்றிரவு அனுப்பிவிடுகிறேன்.

———

அனுப்புங்கள். ‘திறக்கும்’ எனக்கும் சம்மதம். தாவலுக்கு இல்லை. ஓலை என்று கேலி செய்தவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், சற்று நீளும்.