டிப்-அப் கேனபி: என்ஜின் ஓட்டினால் இடது கொக்கி தளர்கிறது, மதியத்தில் மூடவே கஷ்டம்

ஓமலூர்_ரிவெட்:
வணக்கம்ங்க. அலுமினியக் கிட் விமானம், இரண்டு பேர் அருகருகே உட்காரும் வகை, சேலத்தில் கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறது. கேனபிக்கு (காக்பிட்டின் மேல்மூடி) கீல் முன்பக்கம், பின்பக்கம் மேலே தூக்கும். சீட்டுக்குப் பின்னால் குறுக்கே 19 மிமீ டார்க் டியூப் (முறுக்கைக் கடத்தும் சுழல் குழாய்) ஓடுகிறது. கைப்பிடி அதன் வலது முனையில். டியூபின் இரு முனையிலும் 40 மிமீ நீளக் கை, ஒவ்வொன்றும் ஒரு ஏஎன்3 போல்ட்டில் (விமானத் தரம், 3/16 அங்குலம்) பிணைத்தது. கையிலிருந்து புஷ்ராட் (தள்ளுகோல்), புஷ்ராடிலிருந்து கொக்கி. கேனபி ஃப்ரேமில் இருக்கும் 8 மிமீ பின்னை (pin) அந்தக் கொக்கி பிடித்துக் கீழே இழுக்கும்.

பிரச்சினை மூன்று. காலையில் லேசாக மூடும் கைப்பிடிக்கு, வெயிலில் நின்ற பிறகு இரண்டு மடங்கு பலம் தேவைப்படுகிறது. 2,000 ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓட்டினால் இடது கொக்கி கொஞ்சம் பின்வாங்குகிறது, ஆனால் கைப்பிடி இடம் மாறுவதில்லை. இடது பின் மூலையில் காலை நேரத்தில் 2 மிமீ இடைவெளி.

இடது புஷ்ராடை இரண்டு சுற்று குறுக்கிவிட்டு எல்லா நட்டுக்கும் லோக்டைட் போடலாம் என்று நினைக்கிறேன். பின்னையும் எஸ்எஸ் 304-ல் (துருப்பிடிக்காத எஃகு) புதிதாகக் கடைந்து வாங்கலாமா?

லாங்கரான்:
மூன்றையும் நிறுத்தி வையுங்கள்.

முதலில் லோக்டைட். நட்டை இறுக்கிப் பிடிக்கும் அந்தத் திரவம் கேனபியின் அக்ரிலிக் கண்ணாடியில் பட்டால், இழுவிசை இருக்கும் இடங்களில் மயிரிழை விரிசல் கிளம்பும். ஆவியும் ஒழுகலும் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, அதனால் கேனபியை ஒட்டிய எந்த நட்டிலும் அது வேண்டாம். போதாததற்கு உங்கள் இணைப்புகள் சுழல்பவை. சுழலும் இணைப்பில் நைலாக் நட்டும் (நைலான் வளையம் உள்ளது) கூடாது, கேசில் நட் (மேலே வெட்டுகள் உள்ளது) போட்டு ஸ்ப்ளிட் பின் குத்த வேண்டும். அசையாத இடங்களில் மட்டும் நைலாக். அங்கேயும் நட்டுக்கு வெளியே குறைந்தது ஒரு முழு மரை தெரிய வேண்டும்.

இனி கொக்கி. கைப்பிடி அசையாமல் இடது கொக்கி மட்டும் பின்வாங்குகிறது என்றால், கைப்பிடிக்கும் இடது கைக்கும் நடுவில் எங்கோ ஆட்டம் (தளர்வு) இருக்கிறது. புஷ்ராட் நீளத்தால் அது தீராது. புஷ்ராட் நீளம் தீர்மானிப்பது, கொக்கி பின்னை எவ்வளவு கீழே இழுக்கிறது என்பதை. கை மையத்தை (கையும் புஷ்ராடும் ஒரே கோட்டில் வரும் நிலை) தாண்டி எவ்வளவு போகிறது என்பது டியூபின் சுழற்சியாலும் ஸ்டாப்பாலும் (சுழற்சியை நிறுத்தும் தடுப்பு) முடிவாகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது: ராடைக் குறுக்கினால் மூடக் கஷ்டமாகிறது, கஷ்டமாக இருப்பதால் இறுக்கமாக இருக்கிறது என்று தோன்றுகிறது, கையோ இன்னும் மையத்திலேயே நிற்கிறது. மையத்தில் நிற்கும் லாட்ச் (பூட்டும் கொக்கி அமைப்பு) அதிர்வில் எந்தப் பக்கமும் போகும். தாண்டி நின்றால், கேனபி மேலே இழுக்க இழுக்க அது ஸ்டாப்பில்தான் போய் அழுந்தும்.

அளந்து பாருங்கள். லாட்ச் மூடிய நிலையில் டியூபின் மையத்திலிருந்து, புஷ்ராடின் கொக்கிப் பக்க போல்ட் மையம் வரை ஒரு நூல் இழுத்துப் பிடியுங்கள். கையின் நுனி போல்ட் மையம் அந்த நூலைத் தாண்டி எவ்வளவு நிற்கிறது? 40 மிமீ கைக்கு 5 டிகிரி என்றால் சுமார் 3.5 மிமீ. இரண்டு பக்கமும் அந்த அளவு இருக்க வேண்டும். கைப்பிடியில் மட்டும் ஸ்டாப் வைத்துவிட்டுத் தொலைவில் இருக்கும் இடது பக்கத்தைப் பார்க்காமல் விட்டால், ஆட்டமும் டியூபின் முறுக்கமும் சேர்ந்து அங்கேதான் குறைவு காட்டும்.

பின்னைப் பற்றி: உருக்காலை இருக்கும் ஊரில் எஸ்எஸ் கம்பி மலிவுதான். ஆனால் கொக்கியும் எஸ்எஸ், பின்னும் எஸ்எஸ் என்றால் ஒன்றையொன்று கவ்விப் பிய்த்துவிடும். மேற்பரப்பு கரடாகி, கொக்கி வழுக்காமல் விக்கி விக்கி நகரும். ஈஎன் 24 அலாய் எஃகுக் கம்பியில் கடைந்து, ஹீட் ட்ரீட்மெண்ட் செய்து, முலாம் பூசி, மேலே வெண்கல ரோலர் ஒன்றைப் போடுங்கள். எந்த லேத் பட்டறையிலும் முடிகிற வேலை.

மலைமுகடு:
முன்னவர் சொன்னதோடு வெப்பக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பிரச்சினை அதிலிருந்து வருவது.

அக்ரிலிக் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 0.07 மிமீ விரியும். அலுமினியம் 0.023, எஃகு 0.012. கேனபி நீளம் 1.2 மீட்டர், வெப்பம் 30 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள். கண்ணாடி 2.5 மிமீ நீளும், அலுமினிய லாங்கரான் (உடற்பகுதியின் நீளவாட்டுச் சட்டம்) 0.8 மிமீதான் நீளும். மீதி 1.7 மிமீ எங்காவது போயாக வேண்டும். ஃப்ரேமோடு பிணைக்கும் 3.2 மிமீ ரிவெட்டுக்கு அக்ரிலிக்கில் ஓட்டை 4 மிமீயாவது இல்லை என்றால், அந்த விரிவு முழுவதும் ஃப்ரேமை வில்லாக வளைக்கும். பின் மூலைகள் தூக்கும், கொக்கி அதை இழுத்துப் பிடிக்கப் போராடும். மதியம் நீங்கள் தருகிற கூடுதல் பலம் அந்த வளைவை நிமிர்த்தத்தான் செலவாகிறது.

இதன் எதிர்ப்பக்கம் ஆபத்தானது. ஓமலூர் ஓடுதளம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில். பக்கத்துச் சேர்வராயன் மலையின் உச்சி 1,600 மீட்டருக்கு மேல். அதைத் தாண்ட 6,500 அடிக்குப் போனால் வெளிவெப்பம் 10 டிகிரிக்கு மேல் குறையும், வெயிலில் காய்ந்த கண்ணாடி அதைவிட அதிகமாகக் குளிரும். கேனபி சுருங்கும், கொக்கியின் இறுக்கம் குறையும். மதிய வெயிலில் ‘கச்சிதமாக’ வைத்த லாட்ச் மேலே போனதும் தளர்ந்திருக்கும். மேலும் வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் ஓமலூர்ப் பக்கம் மலையின் மறைவுப் பக்கம். உருண்டு இறங்கும் காற்று கேனபியைக் குலுக்கும் இடமும் அதுதான். ஆகவே இறுக்கத்தைக் குளிர்ந்த நிலையில், விடியற்காலையில் வையுங்கள். வெயிலில் மூட முடிகிறதா என்று பிறகு சரிபாருங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். ரப்பர் சீலைக் கழற்றிவிடுங்கள். கொக்கி போடாமல் கேனபியை அதன் எடையில் உட்கார விடுங்கள். சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பாருங்கள். இடது மூலையில் 2 மிமீ அப்போதும் இருந்தால், கோளாறு கீலிலோ ஃப்ரேமிலோதான். கீலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரி செய்யுங்கள். லாட்ச் பிடித்து வைப்பதற்கான சாமான், வளைந்த ஃப்ரேமை நேராக்குவதற்கு அல்ல. அதைக் கொண்டு வலிந்து இழுத்தால் முதலில் போவது கண்ணாடியின் மூலை.

ஃப்ரேம் உட்கார்ந்த பிறகு ஸ்டாப்பில் மையம் தாண்டலை வையுங்கள், அதன் பிறகே புஷ்ராட். 10-32 மரையில் ஒரு சுற்று 0.8 மிமீ. ராட் எண்டை (புஷ்ராடின் முனையில் உருண்டை வைத்த இணைப்பு) கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டினால் 0.4 மிமீ. அதற்கு மேல் ஒரே தடவையில் போக வேண்டாம். ராட் எண்ட் மரை புஷ்ராடுக்குள் 7 மிமீக்குக் குறையாமல் இருக்கட்டும், ஜாம் நட்டை மறக்க வேண்டாம். ராட் எண்டின் வெளிப்பக்கம் ஏஎன்970 அகல வாஷர் ஒன்று போட்டால், உருண்டை கழன்றாலும் ராட் போல்ட்டை விட்டு வெளியே வராது.

சீலைக் கடைசியில் ஒட்டுங்கள். மென்மையான ஈபிடிஎம் ரப்பர், ‘D’ எழுத்து வடிவம், மூடும்போது கால்பங்கு அழுந்தினால் போதும். பாதி அழுந்தும் தடிமனை எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பத்து ரூபாய் நோட்டை நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுவை தெரிய வேண்டும், எங்கும் கிழியக் கூடாது.

ஓமலூர்_ரிவெட்:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். நூல் வைத்துப் பார்த்ததில் வலது 3.5 மிமீ, இடது 1 மிமீக்கும் குறைவு. இடது கையை டியூபோடு பிணைக்கும் போல்ட்டின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அதை அடுத்த அளவான ஏஎன்4 போல்ட்டுக்குப் பெரிதாக்கிவிடலாமா?

லாங்கரான்:
அதுதான் காரணம். ஆனால் 19 மிமீ டியூபில் 6.35 மிமீ ஓட்டை என்பது மூன்றில் ஒரு பங்கு. குறுக்கே போடும் போல்ட்டுக்கு அது அதிகம், டியூப் அந்த இடத்தில் பலவீனமாகிவிடும். தேய்ந்த ஓட்டையிலிருந்து 20 மிமீ தள்ளி, 90 டிகிரி திருப்பி இன்னொரு ஓட்டை போடுங்கள். டிரில்லில் 4.6 மிமீ வரை போய்விட்டு ரீமரால் முடித்து, ஏஎன்173 குளோஸ் டாலரன்ஸ் (துல்லிய அளவு) போல்ட்டைத் தட்டி ஏற்றுகிற அளவில் வையுங்கள். சாதாரண ஏஎன்3-ன் தண்டு கொஞ்சம் மெலிவு, அந்த மெலிவே ஆட்டமாக வந்து நிற்கும். பழைய ஓட்டையில் பழைய போல்ட் இருக்கட்டும், ஆனால் அதை நம்ப வேண்டாம். ஓட்டையின் மையம் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு விட்டத் தூரம் தள்ளி இருக்கிறதா என்று கையிலும் பாருங்கள்.

கடையில் கிடைக்கும் 8.8 தர போல்ட்டை இங்கே போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பலத்தில் அது ஏஎன்-க்குப் பக்கத்திலேயே வரும். ஆனால் முழு மரை போல்ட்டாக வாங்கினால், டியூபின் சுவர் மரையின் மேல் உட்கார்ந்து சீக்கிரம் தேய்த்துவிடும், இதே ஆட்டம் திரும்ப வரும். மரை இல்லாத தண்டு ஓட்டை முழுவதையும் கடக்க வேண்டும்.

ஏஎன்3-க்கு நைலாக் போடும் அசையாத இடங்களில் டார்க் (இறுக்கும் முறுக்கு அளவு) 20 முதல் 25 இஞ்ச்-பவுண்ட். கேசில் நட் போடும் சுழலும் இடங்களில் அந்த அளவுக்கு இறுக்கக் கூடாது: ராட் எண்ட் தாராளமாகத் திரும்பட்டும், ஸ்ப்ளிட் பின்தான் பாதுகாப்பு. எல்லா நட்டுக்கும் மஞ்சள் கோடு போடுங்கள். நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.

சதுர_ரன்வே:
இழுத்துப் பார்க்காமல் பறக்கவிட வேண்டாம். தோராயக் கணக்கு: 100 நாட் (knot) வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 1,600 நியூட்டன். கேனபியின் மேல் சராசரியாக அதில் பாதி உறிஞ்சலாக வரும், மேற்பரப்பு 0.9 சதுர மீட்டர் என்று வைத்தால் 70 கிலோவுக்கு மேல் மேலே இழுக்கும். 130 நாட் வேகத்தில் 120 கிலோவைத் தாண்டும். முன்கீல் ஒரு பங்கைத் தாங்கும் என்றாலும் அதைக் கழித்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடியில் கயிறு போடாமல், பின் ஃப்ரேம் வளைவில் பட்டை கட்டி, செயின் பிளாக்கில் ஸ்ப்ரிங் தராசு தொங்கவிட்டு, ஒவ்வொரு கொக்கியின் மேலும் 60 கிலோ இழுங்கள். பிறகு கையை அளந்து பாருங்கள்: மையம் தாண்டல் குறைந்திருந்தால் இன்னும் ஆட்டம் மிச்சம் இருக்கிறது.

இரண்டாவது தாழ் ஒன்றும் வையுங்கள். முதன்மைக் கொக்கி விட்டாலும் கேனபி 20-25 மிமீக்கு மேல் தூக்காதபடி தானே பிடிக்கும் ஸ்ப்ரிங் தாழ், முதன்மை இணைப்போடு தொடர்பே இல்லாமல். ஆனால் வெளியிலிருந்தும் ஒரு கையால் திறக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்ந்த விமானத்தில் உள்ளே இருப்பவருக்கு அதுவே பூட்டு.

எச்சரிக்கை விளக்குக்கான மைக்ரோ ஸ்விட்ச் கைப்பிடியில் வேண்டாம், இரண்டு கொக்கியிலும் ஒவ்வொன்று. உங்கள் விஷயத்தில் கைப்பிடி ‘மூடியது’ என்று சொல்லிக்கொண்டிருக்க, கொக்கி வேறு கதையில் இருந்தது! முழுவதும் பூட்டியபோது மட்டும் தொடர்பு ஏற்படும் ஸ்விட்ச்சுகளாக எடுத்து, இரண்டையும் தொடராக இணைத்து, அந்த இணைப்பு கிடைக்கவில்லை என்றால் விளக்கு எரியும்படி அமையுங்கள். கம்பி அறுந்தாலும் எச்சரிக்கை வரும். தலைகீழாக அமைத்தால், அறுந்த கம்பி ‘எல்லாம் சரி’ என்று பொய் சொல்லும்.

ஒருவேளை வானில் திறந்தால், முன்கீல் கேனபி காற்றின் அழுத்தத்தால் கொஞ்சம் தூக்கி நிற்கும், பறந்து போய்விடாது. சத்தம், காற்று, மூக்கு கொஞ்சம் மேலோ கீழோ போகும், வால் பக்கம் நடுக்கம் தெரியலாம். அந்த நேரத்தில் ஒரு கையால் இழுத்துப் பூட்டப் பார்ப்பதுதான் ஆளை விழ வைக்கும். பூட்ட முயல வேண்டாம், வேகத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கமான சுற்றில் வந்து இறங்குங்கள். பக்கவாட்டில் திறக்கும் கேனபிக்கு இந்தச் சலுகை இல்லை. அது முழுவதும் விரிந்து, பிய்ந்து வாலில் போய் மோதலாம். அந்த வகை கட்டுகிறவர்களுக்கு இரண்டாவது தாழ் கட்டாயம்.

ஓமலூர்_ரிவெட்:
சரிங்க, சீலைக் கழற்றிவிட்டு டியூபிலிருந்து ஆரம்பிக்கிறேன். சீல் ஒட்டிய பிறகு மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

மலைமுகடு:
புது ரப்பர் முதல் சில வாரங்களில் நிரந்தரமாகக் கொஞ்சம் தட்டையாகும், அத்துடன் கொக்கி இறுக்கமும் இறங்கும். ஐந்து மணி நேரம் பறந்ததும் ஒரு தடவை, இருபத்தைந்தில் ஒரு தடவை நூல் வைத்து அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். தேவைப்பட்டால் அரைச் சுற்று, இரண்டு பக்கமும் ஒரே அளவு.

வெயிலில் நிறுத்தும்போது கேனபியைத் திறந்து வைத்தால் கேஸ் ஸ்ட்ரட்டை (தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) நம்ப வேண்டாம். சித்திரை வைகாசி மாலைகளில் திடீரென்று அடிக்கும் காற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பட்டை கட்டுங்கள், அல்லது மூடி வைத்து மேலே வெள்ளைத் துணி போடுங்கள்.