பல் கிளினிக் ரிசப்ஷன் பயிற்சி: கன்னடம் பேசப் பழக்க ஆள் தேவை

பெங்களூரு அல்சூர் பக்கத்துத் தமிழ் நண்பர்களே, பல் கிளினிக் ரிசப்ஷனுக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குப் பயிற்சி நடக்கிறது.

பெரிய தடுமாற்றம் பல் எண்ணில்தான்; ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண் உண்டு. 36 என்றால் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல், 46 கீழ் வலது. இடது வலது பேஷன்ட்டுடையது, எதிரே நிற்பவருக்கு மாறித் தெரியும். எண் தப்பினால் எக்ஸ்ரே, பில், லேப் சீட்டு மூன்றும் தப்பு. பால் பல்லுக்கு 51-இல் தொடங்கும். பல்லுக்கு மேல் மாட்டும் கேப் லேபிலிருந்து வந்ததைக் கண்ணால் பார்க்காமல் அப்பாயின்ட்மென்ட் போடுவது அடுத்த தொல்லை. இந்த ஊர் டிராஃபிக்கில் வந்தவர் சும்மா திரும்புவார்.

இதெல்லாம் நாங்களே சொல்லிக்கொடுத்துவிடுவோம். கன்னடத்தில் போன் பேசப் பழக்கத்தான் ஆள் வேண்டும்: இரண்டு வாரம், மாலை ஒரு மணி நேரம். "நாளைக்கு வாங்க" மட்டும் போதாது. வீக்கம் உண்டா, சுகர் இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்கத் தெரியணும். யாராவது வருவீங்களா?