ஆக்ஸிடென்ட் நஷ்டஈடு கேஸ்ல நீங்க பார்த்து, இன்னும் மனசை உறுத்துற ஒரு விஷயம்?

தொப்பூர் இறக்கம்

கணவாய்ல லாரி பின்னால தட்டி ஒரு கொத்தனாருக்கு வலது முழங்கால் நொறுங்கிடுச்சு. தூக்கிட்டு வந்த மச்சான் பதட்டத்துல டூட்டி டாக்டர்கிட்ட சொன்னது, "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்". ஏ.ஆர்.ல, அதான் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல, அதுவே ஏறிடுச்சு. லாரி பேச்சே இல்லை. எஃப்.ஐ.ஆரும் லேட்டு. குறுக்கு விசாரணைல இன்சூரன்ஸ் வக்கீல் வேற எதையும் தொடல. அந்த ஒரு தாளை நீட்டி, "தானா விழுந்ததா உங்க ஆளுதானே சொல்லியிருக்காரு?"ன்னார். கட்டையை ஊனிட்டு நின்ன மனுஷன் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் தலையே தூக்கல.

கூட்டிட்டுப் போறவங்க என்ன வண்டி, எந்த இடம், எத்தனை மணின்னு மூணையும் சொல்லுங்க. நம்பர் தெரியலன்னா "அடையாளம் தெரியாத லாரி மோதி"ன்னாவது பதியச் சொல்லுங்க. நிறுத்தாமப் போன வண்டின்னா பலத்த காயத்துக்கு 50,000, உயிர் போனா 2 லட்சம்னு திட்டம் இருக்கு, மனு கோட்டாட்சியர் ஆபீஸ்ல. அதுக்கும் இந்த வரிதான் முதல் ஆதாரம்.

பாலக்கோட்டுக்காரர்

தக்காளி பறிக்கிற சீசன். மினி டெம்போ பின்னால பொம்பளைங்க நின்னுட்டு வந்தாங்க, வளைவுல கவுந்துடுச்சு. "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னாங்களே"ன்னு கை உடைஞ்ச ஒரு அம்மா பாலிசி நகலை நீட்டினாங்க. அதுல பிரீமியம் கட்டியிருந்தது டிரைவருக்கும் கூலியாள் ரெண்டு பேருக்கும் மட்டும். அந்த அம்மா வண்டிக்காரரோட ஆளும் இல்லை, தோட்டத்துக்காரர் வரச் சொன்ன கூலி.

சரக்கு வண்டில சும்மா ஏறிப் போறவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு சுப்ரீம் கோர்ட் எப்பவோ தீர்த்துடுச்சு. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் ஆளோ சரக்கோட கூடப் போனா கணக்கு வேற. மத்தவங்களுக்குத் தீர்ப்பு வண்டி ஓனர் மேல ஆகும். பழைய டெம்போ ஒண்ணைத் தவிர அவர்கிட்ட என்ன இருக்கும்? எதிர்ல வந்த வண்டிமேலயும் தப்பு இருந்தா அதை விட்டுடாதீங்க. ரெண்டு வண்டி தப்புன்னா, முழுத் தொகையையும் ஏதாவது ஒரு பக்கத்துலயே வசூல் பண்ணலாம்.

பைக்கும் அப்படித்தான். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசின்னா, ஓட்டுனவர் தப்புல பின்னால உட்கார்ந்தவருக்கு அடிபட்டா கம்பெனி தராது.

ஓசூர் சைடு

தொப்பூர் அண்ணே, நீங்க சொல்றதைப் படிச்சா ஏ.ஆர். தப்பாப் போனாலே கேஸ் முடிஞ்சுதுன்னு பயந்துடுவாங்க. ட்ரிப்யூனல்ல, அதான் விபத்து நஷ்டஈடு கோர்ட்ல, கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகமில்லாம நிரூபிக்கணும்னு இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னுதான் பார்ப்பாங்க. சார்ஜ் ஷீட், ரஃப் ஸ்கெட்ச், மகஜர் (இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுற குறிப்பு), எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட் நாலும் சேர்ந்து பேசும். பைக்கோட பின் மட்கார்டு நசுங்கியிருக்குன்னு எம்.வி.ஐ. எழுதியிருந்தா, தானா விழுந்த கதை எப்படி நிக்கும்? அதனால எம்.வி.ஐ. பார்க்கிறதுக்கு முன்னாடி வண்டியை மெக்கானிக்கிட்ட விடாதீங்க. எஃப்.ஐ.ஆர். லேட்டு மட்டுமே கேஸைத் தள்ளக் காரணமில்லைன்னும் தீர்ப்பு இருக்கு.

நான் சொல்ல வந்தது வேற. மெடிக்கல் போர்டு 30 சதவீதம் ஊனம்னு எழுதின தாளை வாங்கிட்டு, "அப்போ மீதி 70 நல்லாருக்கா சார்?"னு ஒரு சென்ட்ரிங் வேலைக்காரர் கேட்டார். சாரத்துல ஏறவே முடியாத கால் அது.

போர்டு சொல்றது உடம்போட ஊனம். கோர்ட் பார்க்க வேண்டியது சம்பாத்தியம் எவ்வளவு போச்சுன்னு. ராஜ்குமார் எதிர் அஜய் குமார் தீர்ப்பு (2010) இதைத் தெளிவாச் சொல்லுது. கணக்குக்கு எடுத்துக்கங்க: வயசு 34, மாசம் 12,000. சுயதொழில், 40க்குக் கீழ, அதனால எதிர்கால வருமான உயர்வுன்னு 40 சதவீதம் சேர்த்தா 16,800. வருஷத்துக்கு 2,01,600. இதை வயசுக்கேத்த ஒரு எண்ணால பெருக்குவாங்க, 31லிருந்து 35 வயசு வரைக்கும் அந்தப் பெருக்கல் எண் 16. போர்டு சொன்ன 30ஐயே வச்சா 9,67,680. வேலைத்திறன் இழப்பு 50னு நிரூபிச்சா 16,12,800. இது வருமான இழப்பு மட்டும். வைத்தியச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கிட்டவர் செலவு, சத்துணவு, ஆஸ்பத்திரி போய்வந்த வண்டிச் செலவெல்லாம் தனித்தனித் தலைப்பு.

அந்த 50 சும்மா வராது. டாக்டரைச் சாட்சிக் கூண்டுல ஏத்தி, "இவரால குந்த முடியுமா, ஏணி ஏற முடியுமா, சுமை தூக்க முடியுமா"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு வாங்கணும். சர்டிஃபிகேட்டை மட்டும் தாக்கல் பண்ணிட்டு உட்கார்ந்தா 30தான்.

வருமானத்துக்கு ஆதாரம் இல்லைன்னு யாரும் விட வேண்டாம். மேஸ்திரியோட சாட்சி, கட்டுமான நலவாரிய அட்டை, பேங்க் பாஸ்புக் எதுவும் உதவும்.

காவேரிப்பட்டணம்

ஓசூர் தம்பி கணக்கு சரி. ஆனா யாரும் தேதியைச் சொல்லலையே? 1.4.2022லிருந்து வந்த சட்டப்படி, விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மனுவைப் போடணும். இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல வழக்கு இருக்கு, இருந்தாலும் அதை நம்பி உட்காராதீங்க. பெங்களூரு ரோட்டுல அடிபட்டாலும் குடியிருக்கிற ஊர் கோர்ட்லயே போடலாம், கர்நாடகாவுக்கு அலைய வேண்டாம்.

எனக்கு உறுத்துறது லோக் அதாலத்ல, அதான் சமாதானம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்துல, பார்த்தது. தொடையில பிளேட்டோட ஒரு பையன். தொகை பேசி முடிச்சு, அவங்கப்பா கைநாட்டு வச்சு, மை காயறதுக்குள்ள கேட்டார், "பிளேட்டு எடுக்கிற ஆபரேஷனுக்கும் இவங்கதானே தருவாங்க?" யாரும் பதில் சொல்லல. அந்த உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. சமாதானம் பேசப் போறதுக்கு முன்னாடி, அடுத்த ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்னு டாக்டர்கிட்ட லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிட்டுப் போங்க. எதிர்கால வைத்தியச் செலவுன்னு அதைத் தனியாக் கேளுங்க.