லக்ராஸ் ஹெல்மெட் கண் கவசம்: ஆவி படியாமல் இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். என் மகன் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் விளையாட்டு) ஆடுகிறான். பந்து கெட்டி ரப்பர், கிட்டத்தட்ட 145 கிராம். அது ஹெல்மெட்டின் முகக் கம்பிக்குள் நுழையாது. ஆனால் செயற்கைப் புல்திடலின் கறுப்பு ரப்பர் துகள் புகுந்து, இரண்டு நாள் கண் சிவந்து கிடந்தான். பயந்துபோய், கம்பிக்கு உட்புறம் தெளிவான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கவசம் ஒன்றைக் கட்டிவிட்டேன்.

நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் பத்தே நிமிடத்தில் ஆவி படிந்து எதிரே ஒன்றும் தெரிவதில்லை. வியர்த்த ஜெர்சியாலேயே துடைக்கிறான். அதற்குள் மெல்லிய கீறல்கள். அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர் பாலிகார்பனேட்டைக் கெடுக்கும் என்பதால் தொடவில்லை.

எந்த ஆவித் தடுப்பு ஸ்பிரே ஒரு முழு ஆட்டம் தாங்கும்? குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரில் கிடைக்குமா? பிள்ளைகளுக்கு வாங்கிய அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். சனிக்கிழமை அவனுக்கு ஆட்டம்.