நைஃப் எட்ஜில் மூக்கு சக்கரப் பக்கம் இழுக்கிறது

கேள்வி:
ஒரு மீட்டர் ரிமோட் ஃபோம் விமானம், 3எஸ் 2200 லிப்போ பேட்டரி. நைஃப் எட்ஜில் (ஓர் இறக்கை மேலே, ஒன்று கீழே என்று பக்கவாட்டில் சாய்ந்து பறப்பது) ரட்டர், அதாவது வால் செங்குத்துத் துடுப்பு, கொடுத்ததுமே மூக்கு சக்கரப் பக்கம் இழுக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்:
முதலில் சிஜி, அதாவது விமானத்தின் எடை மையம். 45 டிகிரியில் ஏறவிட்டு, தலைகீழாக உருட்டி, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் துடுப்பு) ஸ்டிக்கை விடுங்கள். மூக்கு சட்டென்று தரையை நோக்கிச் சரிந்தால் முன்கனம். பேட்டரியை 5 மி.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள். நான் வெல்க்ரோ ஓரத்தில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். எந்த பேட்டரியும் அந்தக் கோட்டில்தான் உட்காரும்.

இன்னொரு பதில்:
அப்புறம் மிச்ச இழுப்புக்கு ரட்டர்-எலிவேட்டர் மிக்ஸ்: ரட்டர் கொடுக்கும்போது ரிமோட்டே எலிவேட்டரையும் கொஞ்சம் அசைக்கும் அமைப்பு. 5 சதவீதத்தில் தொடங்குங்கள், இடம் வலம் தனித்தனியாக. மேசையில் மிக்ஸ் போடும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து.

கேட்டவர்:
8 மி.மீ. தள்ளினேன், இழுப்பு பாதியாகிவிட்டது! மிக்ஸ் நாளைக் காலை, காற்று எழும்புமுன். ரொம்ப நன்றி.